சுவருக்குள் இருக்கும் கணக்கு

(கட்டடப் பணி பயிலும் மாணவர்களும் மேஸ்திரிகளும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய வீட்டை வாங்கி, பழுது நீக்கி, சில மாதங்களுக்குள் விற்றுவிடுவதை அமெரிக்காவில் ‘ஹவுஸ் ஃபிளிப்பிங்’ என்பார்கள். ஓஹையோ மாநிலத்துக் கிளீவ்லாண்ட் நகரில் நான் அந்தத் தொழிலில் இருக்கிறேன் என்று கேள்விப்பட்டு அழைத்தீர்கள். இதில் எப்படிச் சம்பாதிப்பது என்று பேசச் சொன்னார் அமைப்பாளர். எப்படிக் கற்றுக்கொள்வது என்று பேசுகிறேனே என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் மைக்கைக் கொடுத்திருக்கிறார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதல் வாரத்திலேயே ஒரு சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிடுவார்கள். எழுபது சதவீத விதி என்று பெயர். வேலையெல்லாம் முடிந்த பின் வீடு என்ன விலைக்குப் போகும் என்று பார். அதில் 70 சதவீதத்தை எடுத்துக்கொள். அதிலிருந்து பழுதுபார்க்கும் செலவைக் கழி. வருகிற தொகைக்கு மேல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதே. 2,00,000 டாலருக்கு விற்கும் என்று தோன்றுகிற வீட்டில் 50,000 டாலருக்கு வேலை இருந்தால், 90,000 டாலர்தான் உச்சம். விட்டுவைத்த 30 சதவீதத்தில் தரகர் கமிஷன், கடன் வட்டி, சொத்து வரி, காப்பீடு எல்லாம் போகும். அதற்குப் பிறகும் ஏதாவது மிஞ்சினால் அதற்கு லாபம் என்று பெயர்.

கணக்கில் மூன்று எண்கள் இருக்கின்றன. விற்கும் விலையை அதே தெருவில் அண்மையில் கைமாறிய வீடுகளை வைத்து ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். வாங்கும் விலை பேரத்தில் முடியும். நடுவில் நிற்கிற அந்த 50,000 எங்கிருந்து வந்தது? அதை யார் சொன்னது? நண்பர்களே, இன்றைய என் பேச்சு முழுக்க அந்த ஒரு எண்ணைப் பற்றித்தான். அது சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் கூரைக்கு மேலேயும் கிடக்கிறது. வெளியில் நின்றபடி அதைப் படிக்க வேண்டுமென்றால், ஒருமுறையாவது அந்தச் சுவரை உங்கள் கையாலேயே உடைத்திருக்க வேண்டும்.

இது கை வேலை செய்கிறவனின் தற்பெருமை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். ஸில்லோ என்ற நிறுவனத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் கோடிக்கணக்கான வீடுகளுக்குக் கணினி வழியாக விலை மதிப்பீடு சொல்லும் நிறுவனம். 2018-இல் அது தானே வீடுகளை வாங்கி, சிறு வேலைகளைச் செய்து, விற்கத் தொடங்கியது. அதனிடம் தகவல் இருந்தது, முதல் இருந்தது, கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். 2021 அக்டோபரில், இந்த ஆண்டு இனிப் புதிதாக வாங்கப்போவதில்லை என்று அறிவித்தது. வாங்கிப் போட்ட வீடுகளில் வேலை தேங்கிவிட்டது, செய்ய ஆள் போதவில்லை என்றார்கள். நவம்பர் 2-ஆம் தேதி அந்தப் பிரிவையே இழுத்து மூடினார்கள். அந்த ஆண்டின் மூன்றாம் காலாண்டில் மட்டும் கையிருப்பு வீடுகளின் மதிப்பை 30 கோடி டாலருக்கு மேல் குறைத்து எழுத வேண்டியிருந்தது. ஊழியர்களில் ஏறத்தாழக் கால்வாசிப் பேர் வேலையிழந்தார்கள். வீட்டு விலை எங்கே போகும் என்று கணிக்க முடியவில்லை என்பது நவம்பரில் நிறுவனத் தலைவர் சொன்ன காரணம். அதை நான் மறுக்கவில்லை. அக்டோபரில் சொன்ன காரணத்தை மறக்கவும் இல்லை. குழாய் மாற்றவும் கூரை வேயவும் எத்தனை பேர் வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்பது எந்தத் தரவுத்தளத்திலும் ஏறுவதில்லை.

சரி, வீட்டுக்குள் போவோம். கிளீவ்லாண்டில் எனக்குக் கிடைக்கும் வீடு பெரும்பாலும் 1920-களை ஒட்டிக் கட்டியதாக இருக்கும். மரச்சட்டத்தால் எழுப்பிய இரண்டு மாடி, அடியில் ஒரு நிலவறை, தலைக்கு மேல் சரிந்த கூரை. நான் வேலை பழகிய மூத்த தச்சர் ஒருவர் இருந்தார். எந்த வீட்டுக்கும் அவர் முன்வாசல் வழியாக முதலில் நுழைந்ததே இல்லை. வெளியே ஒரு சுற்று வருவார். பிறகு நேரே நிலவறை. அடுக்களை, குளியலறை, வரவேற்பறை எல்லாம் கடைசியில்தான். வாங்குகிறவனை மயக்குவதற்காக இருக்கிற அறைகளைப் பார்த்துவிட்டுப் போனால் கீழே கண் தெரியாது என்பார். பையில் ஒரு டார்ச், ஒரு திருப்புளி, ஒரு காந்தம், சிறிய ரசமட்டம். அவ்வளவுதான் அவருடைய ஆய்வுக்கூடம்.

வெளியே சுற்றும்போது அவர் கண் தரையில் இருக்கும், கூரையில் இருக்காது. கூரைத் தண்ணீரை இறக்கும் குழாய் எங்கே போய் முடிகிறது? வீட்டைச் சுற்றி மண் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது? நிலவறை ஈரமாக இருக்கிறது என்று சொல்லி விலையைக் குறைத்து விற்கும் வீடுகளில், பாதி நோய்க்குக் காரணம் அந்தக் குழாய் சுவரோரத்திலேயே தண்ணீரைக் கொட்டுவதுதான். குழாயைச் சில அடி நீட்டி, மண்ணை வெளிப்பக்கம் சரியும்படி கொட்டினால் போதும். இதைத் தெரியாதவர் நீர்த்தடுப்புக் கம்பெனியைக் கூப்பிடுவார். அவர்கள் வீட்டைச் சுற்றித் தோண்டப் பல ஆயிரம் டாலர் கேட்பார்கள். சில வீடுகளுக்கு உண்மையிலேயே தோண்ட வேண்டியும் இருக்கும். எது எதற்கு என்று பிரித்துச் சொல்வதில்தான் பணம் இருக்கிறது.

நிலவறையில் இறங்கினால் சுவரில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். ஈரம் வந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். விரிசல் வேறு விஷயம். சிமென்ட் பிளாக் சுவரில் படிக்கட்டுபோல் ஏறிப் போகிற விரிசல், அடித்தளம் ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியதைச் சொல்லும். பெரும்பாலும் வாழ்ந்துவிடலாம். சுவரின் நடு உயரத்தில் குறுக்கே கிடையாக ஓடும் விரிசல் அப்படியல்ல. வெளியே நனைந்த களிமண்ணும் பனியில் உறைந்து வீங்குகிற மண்ணும் சுவரை உள்ளே தள்ளுகின்றன என்று அர்த்தம். ரசமட்டத்தை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள், வயிறு தள்ளியிருக்கும். அந்த வீட்டின் கணக்கே மாறிவிட்டது.

விரிசலின் வயதைப் பார்க்கவும் பழக வேண்டும். விளிம்பு கூர்மையாக, உள்ளே சுத்தமாக இருந்தால் அண்மையில் விட்டது. உள்ளே தூசியும் பழைய பெயிண்டும் இறங்கியிருந்தால் அது தாத்தா காலத்து விரிசல், வீடு என்றைக்கோ அசைந்து உட்கார்ந்துவிட்டது. கதவுகளும் இதையே சொல்லும். கதவின் மேல்விளிம்பை யாரோ கோணலாகச் சீவி நிலைக்குப் பொருத்தியிருந்து, இப்போதும் இடைவெளி சீராக இருந்தால் பயப்பட வேண்டாம். சீவிய பிறகும் மறுபடி உரசினால், வீடு இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது.

அஸ்திவாரச் சுவருக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே ஒரு மரக்கட்டை வீட்டைச் சுற்றி ஓடும். திருப்புளியால் அங்கங்கே குத்திப் பார்க்க வேண்டும். வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கினால் அங்கே மரம் இல்லை, மரத்தின் நிறம் மட்டும்தான் இருக்கிறது. அடுத்தது தெருவிலிருந்து வரும் தண்ணீர்க் குழாய். காந்தம் ஒட்டினால் துத்தநாகம் பூசிய இரும்பு. ஒட்டவில்லை, சுரண்டினால் வெள்ளியாக மின்னுகிறது, மெத்தென்று இருக்கிறது என்றால் ஈயம். செம்பு நிறம் தெரிந்தால் மூச்சு விடலாம். அந்தக் கால இரும்புக் குழாய் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே துரு ஏறிப் பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருக்கும். மாடியில் ஷவரைத் திறந்துவிட்டுக் கீழே ஒரு குழாயையும் திறந்தால் தண்ணீரே சாட்சி சொல்லிவிடும்.

கழிவறையில் பீங்கானைக் காலால் மெல்லத் தள்ளிப் பார்ப்பார் அந்தத் தச்சர். ஆடினால் அடியில் பலகை இற்றிருக்கிறது, கீழ்மாடி உட்கூரையும் சேர்ந்து போகும். கூரை ஓரத்தில் ஓடுபோல வேயும் ஷிங்கிள் எத்தனை அடுக்கு என்று விரலால் எண்ணுவார். அங்கே விதிப்படி இரண்டு அடுக்குக்கு மேல் போடக்கூடாது. ஏற்கெனவே இரண்டு இருந்தால் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும். பிடுங்குவதற்குக் கூலி, குப்பைத்தொட்டி வாடகை, கொட்டுவதற்குக் கட்டணம் எல்லாம் உண்டு. பரணில் ஏறினால் ஆணி முனைகளைப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே மாதிரித் துருப்பிடித்திருந்தால் கூரை ஒழுகவில்லை. குளியலறை விசிறி ஈரக்காற்றைப் பரணுக்குள் ஊதிக்கொண்டிருக்கிறது. ஒழுகல் என்று நினைத்துக் கூரையை மாற்றினால் செலவு பல ஆயிரம். விசிறிக் குழாயை வெளியே திருப்பிவிட்டால் சில நூறு.

இவ்வளவையும் நான் இங்கே கால் மணி நேரத்தில் சொல்லிவிட்டேன். நீங்கள் எழுதியும் வைத்துக்கொண்டீர்கள். ஆனால் இது அறிவாக இன்னும் ஆகவில்லை. திருப்புளி எவ்வளவு இறங்கினால் மரம் கெட்டது, எவ்வளவு இறங்கினால் மேல்தோல் மட்டும் மெத்தென்றிருக்கிறது என்பதை உங்கள் மணிக்கட்டுதான் சொல்ல வேண்டும். அது இற்ற கட்டையை அறுத்தெடுத்து, வீட்டை ஜாக்கியில் தாங்கி, புதுக் கட்டையைச் செருகிய மணிக்கட்டாக இருக்க வேண்டும். மாற்றிப் பார்த்தவருக்குத்தான் குத்திப் பார்க்கும்போது விலை தெரிகிறது.

இரண்டாவது பாடம் நேரம். இதைக் கற்றுக்கொடுக்கச் சுவர்ப்பூச்சைப்போல வேறொன்று இல்லை. பழைய வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் மெல்லிய பட்டிகளை அடித்துச் சுண்ணாம்புக் காரை பூசியிருப்பார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அந்த இடத்தை ஜிப்சம் பலகை பிடித்துக்கொண்டது. பலகையைத் திருகி மாட்டுவது சுலபம். இரண்டு பலகை சேரும் இடத்தைத் தெரியாமல் மறைப்பதுதான் வித்தை. நம் ஊர்ப் பெயிண்டர்கள் பட்டி பார்ப்பதற்கு அது கிட்டத்தட்ட அண்ணன் முறை. இணைப்பில் காகிதப் பட்டை வைத்து ஒரு பூச்சு, காய்ந்த பின் அகலமாக இன்னொன்று, அதுவும் காய்ந்த பின் இன்னும் அகலமாக மூன்றாவது. ஒவ்வொன்றும் காய ஒரு நாள் வேண்டும். குளிர்காலத்தில் அதுவும் போதாது. அவசரப்பட்டுத் தடிமனாகப் பூசினால் வெடிக்கும். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தே காலம் போகும். அறை முழுக்க மாவாகப் பறக்கும். தேர்ந்தவர் பூசினால் தேய்க்கவே வேண்டியிருக்காது.

இந்த வேலையைத் தொலைக்காட்சியில் நீங்கள் பார்த்திருக்க முடியாது. 1979-இல் பாஸ்டனிலிருந்து ‘திஸ் ஓல்ட் ஹவுஸ்’ என்ற நிகழ்ச்சி தொடங்கியது. ஒரு பழைய வீட்டை எடுத்து வாரக்கணக்கில் காட்டுவார்கள். நார்ம் ஏப்ரம் என்ற தச்சர் அளப்பதையும் அறுப்பதையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். 2005 வாக்கில் ‘ஃபிளிப் திஸ் ஹவுஸ்’ போன்றவை வந்தன. அவற்றில் சம்மட்டி சுவரில் மோதும், விளம்பர இடைவேளை வரும், திரும்பி வந்தால் வெள்ளை அடுக்களை நிற்கும். காய்வதற்குக் காத்திருந்த நாட்கள் விளம்பரத்துக்குள் போய்விட்டன. அந்த நாட்களுக்கும் வட்டி உண்டு என்பதைத்தான் நிகழ்ச்சி சொல்லவில்லை. வங்கி கடன் தராத வீடுகளுக்குத் தனியாரிடம் வாங்கும் கடன் 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 1,00,000 டாலருக்கு மாதம் 1,000 டாலர். ஆளில்லா வீட்டுக்குக் காப்பீடு அதிகம். சொத்து வரி நிற்காது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைக்காவிட்டால் குழாயில் தண்ணீர் உறைந்து வெடிக்கும், ஆகவே எரிவாயுச் செலவும் உண்டு.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லாவற்றையும் நானே செய்து கூலியை மிச்சப்படுத்துவேன் என்று இறங்குகிற கைவேலைக்காரர், மாதக்கணக்கில் இழுத்து, மிச்சம் பிடித்த கூலியை வட்டியில் விட்டுவிடுகிறார். சுத்தியலைத் தொடவே தொடாதே, ஆட்களை வைத்து வேலை வாங்கு என்று பாடம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் எனக்குச் சம்மதமில்லை. ஒரு அறைக்காவது நீங்களே பட்டி பார்த்திருக்க வேண்டும். அது கூலியை மிச்சம் பிடிக்க அல்ல. அடுத்த வீட்டில் பூச்சு ஆள் இத்தனை நாள், இத்தனை டாலர் என்று சொல்லும்போது, அந்த எண்ணில் எவ்வளவு வேலை, எவ்வளவு காயும் நேரம், எவ்வளவு காற்று என்று காதுக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பிறகு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தையும் கழிவுநீரையும் பொறுத்தவரை பேச்சே வேண்டாம். பல நகரங்களில் சொந்தமாகக் குடியிருப்பவர்தான் அந்த வேலைகளுக்குத் தானே அனுமதி வாங்க முடியும். விற்பதற்காக வாங்கியவர் உரிமம் பெற்றவரைத்தான் வைக்க வேண்டும்.

பாடம் நடத்துகிறவர்கள் என்று சொன்னேன். இந்தத் தொழிலை ஹோட்டல் அரங்குகளில் கற்றுக்கொடுப்பது அங்கே தனித் தொழில். முதல் கூட்டம் இலவசம். அதில் அடுத்த வகுப்பை விற்பார்கள், அதில் அதற்கடுத்ததை. டிரம்ப் பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்து 2005-இல் தொடங்கிய நிறுவனத்தில் உயர்ந்த வகுப்புக்குக் கட்டணம் 35,000 டாலரை ஒட்டி இருந்தது. ஏமாற்றப்பட்டோம் என்று மாணவர்கள் தொடுத்த வழக்குகள் 2016 நவம்பரில் இரண்டரைக் கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தன. தவறு எதையும் எதிர்த்தரப்பு ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கு எப்படியோ போகட்டும். 35,000 டாலர் என்பது கிளீவ்லாண்டில் ஒரு வீட்டுக்குப் புதுக் கூரை, புதுக் குழாய், புது மின்கம்பி எல்லாம் சேர்த்துப் போடுவதில் பெரும்பகுதி. அதைக் கற்றுக்கொள்ளும் செலவாக ஒரு உண்மையான வீட்டில் போட்டிருந்தால், கடைசியில் வீடாவது மிஞ்சியிருக்கும்.

அப்படியானால் எங்கே கற்பது? எனக்குப் பிடித்த வழி, வாங்குகிற முதல் வீட்டில் நீங்களே குடியிருப்பது. அமெரிக்க வருமான வரிச் சட்டத்தில் 1997-இல் ஒரு சலுகை வந்தது. கடைசி ஐந்து ஆண்டுகளில் இரண்டு ஆண்டு அந்த வீட்டைச் சொந்தமாக வைத்துக் குடியிருந்தவர், அதை விற்று வரும் ஆதாயத்தில் 2,50,000 டாலர் வரை வரி கட்ட வேண்டியதில்லை. கணவன் மனைவி என்றால் 5,00,000. வாங்கி உடனே விற்கிற தொழில்காரருக்கோ அது வியாபார வருமானம். சாதாரண வரியோடு 15.3 சதவீதம் சுயதொழில் வரியும் சேரும். புழுதியில் குடியிருப்பதற்கு அரசாங்கம் கூலி கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதோடு அந்த இரண்டு ஆண்டில் வீடு நான்கு பருவத்திலும் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துவிடும். பனி உருகும்போது எந்த மூலை நனைகிறது, கோடையில் எந்தக் கதவு இறுகுகிறது என்பதெல்லாம் குடியிருப்பவருக்கு மட்டும் கிடைக்கிற பாடம். (வீட்டில் இருப்பவர்கள் சம்மதிக்க வேண்டும். அது வேறு சொற்பொழிவு.)

இந்த எண்ணம் புதியதல்ல. 1973-இல் டெலவேர் மாநிலத்து வில்மிங்டன் நகரம் கைவிடப்பட்ட வீடுகளை ஒரு டாலருக்குக் கொடுத்தது. பால்டிமோரும் அதே வழியில் போனது. ஓட்டர்பைன் என்ற பகுதியில் இடிக்கக் காத்திருந்த வரிசை வீடுகளை அப்படித்தான் மீட்டார்கள். வாங்குகிறவர் குறித்த காலத்துக்குள் பழுதுபார்த்து அங்கேயே குடியிருக்க வேண்டும் என்பதுதான் உண்மையான விலை. 1978-இல் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் டோரதி ஸ்டோன்மன் என்ற ஆசிரியை, உங்கள் தெருவுக்கு என்ன செய்ய ஆசை என்று அங்கிருந்த பிள்ளைகளைக் கேட்டார். பாழடைந்த கட்டடத்தைச் சரிசெய்ய ஆசை என்றார்கள். யூத்பில்ட் இயக்கம் அப்படிப் பிறந்தது. வகுப்பறை ஒரு பாதி, வேலைத்தளம் ஒரு பாதி. எங்கள் கிளீவ்லாண்டில், கைவிடப்பட்ட வீடுகளை எடுத்துக் கைமாற்றுவதற்காக 2009-இல் தொடங்கிய நில வங்கி, சில வீடுகளை விற்கும்போது பத்திரத்தை உடனே கொடுப்பதில்லை. முதலில் சொன்னபடி பழுது பார், ஆய்வாளர் வந்து பார்ப்பார், பிறகு வீடு உன் பெயருக்கு மாறும் என்கிறது. விற்பனை உத்தியாக இருக்கிற தொழிலைக் கைத்தொழிலாகத் திருப்பிவிட்ட விதி அது.

ஏன் அவ்வளவு கறார்? அதற்கும் பால்டிமோர்தான் பதில். 1990-களின் கடைசியில் அங்கே சிலர் பாழடைந்த வீடுகளை அடிமாட்டு விலைக்கு வாங்கி, ஒரு கோட் பெயிண்ட் அடித்து, மதிப்பீட்டாளரைக் கையில் போட்டுக்கொண்டு பல மடங்கு விலைக்கு ஏழைகள் தலையில் கட்டினார்கள். கடனுக்கு எஃப்எச்ஏ என்ற அரசு அமைப்பின் காப்பீடு இருந்தது. வாங்கியவர்கள் தவணை கட்ட முடியாமல் வீட்டை விட்டுவிட்டுப் போக, தெருவே பாழாயிற்று. அந்த ஆட்டத்தை அடக்கத்தான், வாங்கி 90 நாட்களுக்குள் மறுபடி விற்கும் வீட்டுக்கு எஃப்எச்ஏ கடன் கிடையாது என்ற விதி 2003-இல் வந்தது. கிளீவ்லாண்டில் பெயிண்டே ஆபத்து. வீடுகளுக்கு ஈயம் கலந்த பெயிண்டை 1978-இல்தான் தடை செய்தார்கள். அதற்கு முந்தைய வீட்டில் ஜன்னலை உலர்வாகச் சுரண்டினால் பறக்கிற தூசி குழந்தையின் மூளையைக் கெடுக்கும். ஓர் அறைக்குள் ஆறு சதுர அடிக்கு மேல் பழைய பெயிண்டைக் கலைக்கிற தொழில்காரருக்குப் பயிற்சியும் சான்றிதழும் வேண்டும் என்று 2010-இல் விதி நடைமுறைக்கு வந்தது. விற்பதற்காகப் புதுப்பிக்கிறவருக்கும் அது பொருந்தும். இந்தத் தொழிலில் ஏமாற்றுவது மிகச் சுலபம், ஏனென்றால் மறைக்கிற பொருளும் அழகுபடுத்துகிற பொருளும் ஒன்றுதான். சுவருக்குள் இருப்பதைப் படிக்கத் தெரிந்தவனுக்கு, அதை மூடி மறைக்கவும் தெரியும். கைப்பழக்கம் நேர்மையைத் தராது. தருகிறது என்று இங்கே வந்து சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

இனி நம் ஊர். முன்வரிசையில் ஒரு தம்பி, பேச்சு தொடங்கும் முன்பே, இதை இங்கே செய்யலாமா சார் என்று கேட்டுவிட்டார். வேகமாக வாங்கி வேகமாக விற்கும் வடிவத்தில் முடியாது என்பது என் கருத்து. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2017-இல் 4 சதவீதம் ஆனது, 2023-இல் 2 ஆகக் குறைந்தது. ஆக 9. ஐம்பது லட்சத்துக்கு வாங்கினால் நாலரை லட்சம் ஆணி அடிக்கும் முன்பே போய்விட்டது. உங்களிடம் வாங்குகிறவரும் அதேபோலக் கட்ட வேண்டும், அதையும் மனதில் வைத்துத்தான் விலை கேட்பார். ஓஹையோவில் இதற்கு ஈடான கட்டணம் ஆயிரம் டாலருக்குச் சில டாலர். இங்கே 24 மாதத்துக்குள் விற்றால் ஆதாயம் குறுகிய காலக் கணக்கில் சேரும். முத்திரைத் தீர்வையைத் தவிர்க்கப் பவர் பத்திரத்திலேயே கைமாற்றிவிடலாம் என்று சொல்லும் தரகர்கள் இன்னும் இருக்கிறார்கள். பவர் பத்திரம் உரிமையை மாற்றாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அடுக்குமாடியில் இன்னொரு சங்கடம். பழைய ஃபிளாட்டின் விலையில் பெரும்பங்கு நிலத்தின் பிரிபடாத பாகத்துக்கு. 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டத்துக்குப் பிறகு, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்றாகிவிட்டதால், வாங்குகிறவர் கண் சுவரில் இல்லை, மண்ணில் இருக்கிறது. உங்கள் குளியலறைக் கூரை ஒழுகினால் நோய் மேல்வீட்டுக் குளியலறையின் தாழ்த்திய தளத்தில், அதாவது சன்கன் ஸ்லாப்பில், இருக்கும். நீங்கள் என்னதான் கைதேர்ந்தவராக இருந்தாலும் வேலை மேல்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவதில் தொடங்கும். பழைய தனி வீடுகளும் தப்பவில்லை. காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனால் செட்டிநாட்டு வீடுகளின் நிலைக்கதவையும் தேக்குத் தூணையும் தனித்தனியாக விற்கிறார்கள். முழு வீட்டைவிட உதிரி பாகங்களுக்கு எளிதாக ஆள் கிடைக்கிற நிலைமை அது. எனக்கு அந்தத் தெருவில் நடக்கவே பிடிப்பதில்லை.

ஆனால் கற்றுக்கொள்வதற்கு இந்த மாநிலம் குறைந்ததல்ல. விற்பதற்காக வாங்க வேண்டாம். குடியிருக்கவோ வாடகைக்கு விடவோ வாங்குகிறவர்களுக்காகப் பழைய வீட்டைப் படித்துச் சொல்கிற ஆள் இங்கே அநேகமாக இல்லை. பத்திரத்தைப் பார்க்க வக்கீல் இருக்கிறார். வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம், மூலப்பத்திரம் கேட்கிறோம். கான்கிரீட்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பவர் யார்? சிறிய சுத்தியலால் கூரையைத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான ஓசை திடீரென்று பொக்கென்று மாறினால் அங்கே காரை கம்பியை விட்டிருக்கிறது. விரிசல் நேர்கோட்டில் கம்பி ஓடும் வழியிலேயே ஓடினால், துரு ஊதிக் காரையைத் தள்ளுகிறது. அதன் மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பது இரண்டு மழைக்குத் தாங்கும். கம்பியைச் சுரண்டி, சுத்தமான இரும்பு தெரியும்வரை போய், பூச்சுக் கொடுத்து மூடினால்தான் வேலை. அதற்கு எத்தனை ஆள், எத்தனை நாள் என்று சொல்லத் தெரிந்த மேஸ்திரிகள் இந்த அரங்கில் பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார்கள். மாணவர்களுக்கு நான் சொல்வதெல்லாம், இந்த விடுமுறையில் அவர்களில் ஒருவரிடம் போய், அண்ணே, ஒரு பழைய வீட்டு வேலைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க என்று கேளுங்கள். சம்பளம் கேட்காதீர்கள். சாந்துச் சட்டி தூக்கச் சொன்னால் தூக்குங்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போய், இன்று எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று மட்டும் எழுதி வையுங்கள்.

வீடு பார்க்கக் கோடையில் போகாதீர்கள். தரகர்கள் பங்குனி சித்திரையில்தான் ஆசையாகக் கூட்டிப் போவார்கள். ஐப்பசி மழை நாளில் போங்கள். முடியாவிட்டால் மொட்டை மாடியின் வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேக்கி, ஒரு நாள் முழுக்க விட்டுக் கீழே வந்து பாருங்கள். விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். ரியல் எஸ்டேட் விலை ஏறுமா என்பதைத் தவிர எதை வேண்டுமானாலும்.